பின்னங்காலை இழுக்கும் கினிப்பன்றி: பாலக்காட்டுச் சித்தூர் நண்பருக்கு

வணக்கம் நண்பரே. கினிப்பன்றி பின்னங்காலை இழுக்கிறது, தொட்டாலே கத்துகிறது, மூன்று மாதமாக முயல் தீவனமும் வெள்ளரிக்காயும்தான் உணவு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வைட்டமின் சி குறைபாடு என்றுதான் படுகிறது. முயல் அதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும், அதனால் முயல் தீவனத்தை நம்ப முடியாது. கினிப்பன்றிக்கு நம்மைப் போலவே சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும், தினமும் 10 முதல் 30 மில்லிகிராம். நம் பக்கம் கொய்யாவுக்கா பஞ்சம்? தினம் ஒரு சின்னத் துண்டு போதும், கூடினால் இனிப்பு வயிற்றைக் கெடுக்கும். குடைமிளகாயும் நல்லது. வைட்டமின் சி சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலக்காதீர்கள், சீக்கிரம் வீரியம் போய்விடும். மற்றபடி எந்நேரமும் புல் இருக்கட்டும்.

வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கூடவே கூடாது! குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

முதுகில் அடிபட்டிருந்தாலும் கால் இப்படி இழுக்கும். அதனால் நாளைக்கே திருச்சூர் பக்கத்திலுள்ள மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். பாலக்காட்டு வெக்கை இதற்கு ஆகாது, விடியற்காலையிலேயே கிளம்புங்கள். இன்றிரவே அது சாப்பிடுவதை அறவே நிறுத்திவிட்டால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவர் இருந்தாலும் உடனே ஓடுங்கள்.