வால்வில் சுண்ணாம்பு படிந்தால் கேழ்வரகை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: 68 வயதான என் அப்பாவுக்குப் போன மாதம் மூளை ரத்தக் குழாயில் அடைப்பு வந்து வலது கை, கால் இழுத்துக்கொண்டது. மதுரையில் சேர்த்துப் பார்த்தோம். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் இடப்பக்க மிட்ரல் வால்வு வளையத்தில் சுண்ணாம்பு படிந்திருப்பதாகவும், தொண்டை வழியாக எடுத்த எக்கோவில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனியின் வளைவில் 5 மி.மீ. கொழுப்புத் திட்டு இருப்பதாகவும் சொன்னார்கள். ஆபரேஷன் வேண்டுமா? சுண்ணாம்புச் சத்து உள்ள கேழ்வரகு, பால், முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டோம்.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: விழுங்கச் சிரமம் இல்லையென்றால் கேழ்வரகுக் கூழை மறுபடி கொடுங்கள். சர்க்கரை இருந்தால் அளவு மட்டும் பாருங்கள். வால்வில் படியும் சுண்ணாம்பு சாப்பாட்டால் வருவதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றால் நாள்பட்டுத் தேய்ந்த திசுவில் படிவது அது. வால்வு மோசமாகச் சுருங்கினாலோ ஒழுகினாலோதான் ஆபரேஷன் பேச்சு வரும்.

அதற்காக எக்கோ ரிப்போர்ட்டில் சுண்ணாம்பு பற்றிச் சொன்ன அந்த வரியை ஒதுக்கிவிடவும் கூடாது. வளையத்தில் சுண்ணாம்பு உள்ளவர்களுக்கு ஸ்டிரோக் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1992-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. மற்ற ரத்தக் குழாய்களும் கெட்டிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் திட்டுதான். மூளைக்குப் போகும் குழாய்கள் பெருந்தமனி வளைவிலிருந்துதான் பிரிகின்றன. அங்கே திட்டு 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், அதில் உறையும் ரத்தம் துணுக்காகப் பிய்ந்து மேலே போகும் ஆபத்து கூடுகிறது. இதை வெட்டி எடுக்க வழக்கமாக ஆபரேஷன் செய்வதில்லை, மருந்துதான் வைத்தியம். டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்டேட்டின் திட்டைக் கெட்டிப்படுத்தும், வால்வுச் சுண்ணாம்பைக் கரைக்காது. அடுத்த எக்கோவிலும் சுண்ணாம்பு அப்படியே இருந்தால், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். கை, கால் சரியானதும் மாத்திரையை விடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அலைய முடியவில்லை என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வரும்.

அப்புறம், டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா? வளையத்தில் சுண்ணாம்பு உள்ளவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு அதிகம். அது வந்து வந்து போகக்கூடியது என்பதால் ஒரு இசிஜியில் சிக்காமல் போகலாம். துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவி மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை தேவைப்படும்.

மறுபடி வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.