கர்ப்பப்பை கேன்சர் வந்தா குடலையும் ஏன் பாக்கணும்? உங்க கேள்விகள்

அம்மாவுக்கு 46 வயசுல கர்ப்பப்பை உள்சுவர்ல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சது. இப்ப கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு பெருங்குடலைப் பாக்குறது) பண்ணச் சொல்றாங்க. எதுக்கு டாக்டர்?

செல் பிரியறப்போ டிஎன்ஏ காப்பியில விழுற தப்ப திருத்துறதுக்குன்னே சில ஜீன்கள் இருக்கு, எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2ன்னு, அதுல ஒண்ணு பொறக்கும்போதே பழுதா இருந்தா லிஞ்ச் சிண்ட்ரோம்னு சொல்லுவோம், அவங்களுக்கு பெருங்குடல், கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்துலயும் ரிஸ்க் ஏறும். நிறைய பொம்பளைங்களுக்கு இதோட முதல் சிக்னலே கர்ப்பப்பைலதான் வரும். 1895ல மிச்சிகன்ல ஒரு தையல்காரம்மா, எங்க குடும்பத்துல எல்லாரும் கேன்சர்லதான் போறாங்க நானும் அப்படியே போவேன்னு டாக்டர் வார்தின்கிட்ட சொன்னாங்களாம், கடைசில கர்ப்பப்பை கேன்சர்லதான் போனாங்க. அவங்க சொன்னத அவர் காதுல வாங்கினதாலதான் இந்தக் கதையே வெளிய வந்துச்சு.

அம்மாவுக்கு லிஞ்ச் இருக்கான்னு பாக்க, ஆபரேஷன்ல எடுத்த சதை மெழுகு பிளாக்கா லேப்ல இருக்கும், அதுல எம்எம்ஆர் ஐஎச்சி டெஸ்ட் (அந்த நாலு ஜீனோட புரோட்டீன் இருக்கான்னு சாயம் போட்டுப் பாக்குறது) போடச் சொல்லுங்க. புரோட்டீன் இருந்தா செல்லோட நடுவுல பழுப்பா சாயம் ஏறும், கட்டியில மட்டும் ஏறலன்னா சந்தேகம். ஆனா அதுவே முடிவு இல்ல, வயசானவங்களுக்கு பரம்பரைப் பழுது இல்லாம எம்எல்எச்1 சும்மாவும் காணாமப் போகும், அதுக்கப்புறம்தான் ரத்தத்துல ஜீன் டெஸ்ட்.

எனக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர். எனக்கும் இதே பிரச்சனையா?

இல்லைங்க, அது எச்பிவி வைரஸால வர்றது, லிஞ்ச் கணக்குல சேராது. கர்ப்பப்பைன்னு பொதுவா சொல்லி ரெண்டையும் குழப்பிக்கிறாங்க, ரிப்போர்ட்ட எடுத்துப் படிங்க. இடுப்புல ரேடியேஷன் எடுத்திருந்தா மட்டும், பல வருஷம் கழிச்சு மலக்குடல்ல ரிஸ்க் கொஞ்சம் கூடலாம்.

அக்காவுக்கு பிஆர்சிஏ1ங்கிற ஜீன்ல பழுது, சினைப்பை கேன்சர். நான் குடலுக்கு பயப்படணுமா?

பெருசா வேண்டாம். உங்க கவலை மார்பகமும் சினைப்பையும்தான், பிஆர்சிஏ டெஸ்ட நீங்களும் எடுங்க.

எங்க வீட்டுல லிஞ்ச் உறுதியாயிடுச்சு. நான் பையன், எனக்கு என்ன?

அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பையனுக்கும் 50 சதவீத வாய்ப்பு இருக்கு தம்பி, கர்ப்பப்பை இல்லன்னா தப்பிச்சோம்னு ஒண்ணும் கிடையாது. டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா, எம்எல்எச்1, எம்எஸ்எச்2ன்னா 20-25 வயசுலயே ஆரம்பிச்சு 1-2 வருஷத்துக்கு ஒரு தடவ கொலோனோஸ்கோபி, மத்த ரெண்டுக்கும் கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கலாம். பேதி மருந்து குடிக்கிற அந்த ராத்திரி கஷ்டம்தான், ஆனா கேன்சர் ஆகுறதுக்கு முன்னாடி பாலிப்பா (சின்ன சதை வளர்ச்சியா) இருக்கும்போதே அங்கேயே வெட்டி எடுத்துடலாம்.