மறு: மழைநீரின் பி.எச். 0.8 உயர்ந்தது பெரிய மாற்றமா?

வணக்கம். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் மழைநீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 1960களில் 4.2-ஐ ஒட்டியிருந்து இப்போது 5-ஐ நெருங்கியிருப்பதை, "வெறும் 0.8 தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எச். மடக்கை அளவு, அதாவது ஒரு எண் உயர்ந்தால் அமிலத்தைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகும் என்பதால், அந்த 0.8 என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்ததைக் குறிக்கிறது. கந்தக டை ஆக்சைடு உமிழ்வு கட்டுப்படுத்தப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம்.

பி.எச்.-ஐச் சாதாரண எண்ணாகக் கொள்ளும் இதே பிழை உங்கள் ஆண்டுச் சராசரியிலும் இருக்கிறது. மழையளவு சமமான இரு நாள்களில் 4, 5 எனப் பதிவானால் சராசரி 4.5 அன்று, செறிவாக மாற்றிச் சராசரி கண்டு, மீண்டும் பி.எச். ஆக்கினால் 4.26 வரும். (நானும் முதலில் இப்படித்தான் தவறினேன்.) நியூயார்க் மாநிலத்தின் வைட்ஃபேஸ் மலையின் மேகநீர் அளவுகளைத் தனி வரைபடமாக்குங்கள், மேகத்துளியில் நீர் குறைவாதலால் அமிலம் பொதுவாக மழைநீரைவிடச் செறிந்திருக்கும்.