கணினி கேள்வி–பதில்: கேசட்டில் இருக்கும் அப்பாவின் குரல்

கேள்வி: என் அப்பா 1988-இல் பாடிப் பதிவு செய்த தேவாரக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற முயன்றேன். டேப் ரெக்கார்டரின் பின்புறமுள்ள ‘லைன் அவுட்’டிலிருந்து கேபிள் எடுத்து, மடிக்கணினியில் இருக்கும் ஒரே ஜாக்கில் செருகி, ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்தேன். அப்பாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. நடுவே எங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் பதிவாகியிருக்கிறது. கேபிள் பழுதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கேபிள் நன்றாகவே இருக்கிறது, குக்கர் விசில்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. உங்கள் மடிக்கணினி அந்தக் கேபிளைக் கவனிக்கவே இல்லை. டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரிலிருந்து அறையில் பரவிய ஒலியைத் தன் சொந்த மைக்கால் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால், பதிவு ஓடும்போது மைக்கின் சிறு துளையருகே, பெரும்பாலும் அது திரையின் மேல்விளிம்பில் கேமராவை ஒட்டி இருக்கும், நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். ஒலி அளவைக் காட்டும் பட்டை துள்ளும்.

காரணம் பின்னின் முனையில் இருக்கிறது. உங்கள் கேபிளின் பின்னில் இரண்டு கருப்பு வளையங்கள்தான் இருக்கும். இடது, வலது, பொது என மூன்று இணைப்புகள். மொபைல் ஹெட்செட்டின் பின்னில் மூன்று வளையங்கள், நான்கு இணைப்புகள். கூடுதலான ஒன்று மைக்குக்கு உரியது. இரண்டு வளையப் பின்னைச் செருகியதும் ‘ஹெட்போன் வந்துவிட்டது’ என்று கணினி எடுத்துக்கொள்கிறது. ஒரே ஜாக்கை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிப்பான் ஒன்றை வாங்கச் சொல்லிக் கடையில் தருவார்கள், வாங்க வேண்டாம். மைக் வழி சில மில்லிவோல்ட் அளவுள்ள மெல்லிய சமிக்ஞையை எதிர்பார்ப்பது. லைன் அவுட்டோ ஏறக்குறைய 0.3 வோல்ட் தரும். குரல் கரகரத்துச் சிதைந்துவிடும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

வீட்டிலோ தெரிந்தவரிடமோ பழைய மேசைக் கணினி இருந்தால், அதன் பின்புறத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என ஜாக்குகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, உங்களுக்கு வேண்டியது நீலம். அதுதான் லைன் அவுட்டின் ஒலியை உள்ளே வாங்கும் ‘லைன் இன்’. இல்லையென்றால் ‘ஸ்டீரியோ லைன் இன்’ உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். மைக், ஹெட்போன் மட்டும் உள்ள மலிவானவை உதவா.

பிறகு விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, இன்புட் பகுதியில் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காக அமைந்த இரைச்சல் நீக்கம், நீண்டு ஒலிக்கும் சுருதியையும் இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடக்கூடும். ஆடாசிட்டியிலும் அதே கருவியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேசட்டில் குரல் உச்சத்தில் ஒலிக்கும் இடத்தை முதலில் ஓடவிட்டு, அளவு −6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட் முழுவதும் ஒரு பென்டிரைவில் அடங்கும். நாடா பழையது என்பதால், மீண்டும் மீண்டும் ஓடவிடாமல் நல்ல பதிவை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது, காணொளிக் கூட்டத்தில் மட்டும் ஒலி மங்குகிறதே?
– வாசகர், ஈரோடு

பதில்: ஹெட்செட்டின் மைக் திறந்ததும் புளூடூத் ஸ்டீரியோ முறையை விட்டு, தொலைபேசிப் பேச்சுக்கான ஒற்றைத் தட முறைக்கு மாறிவிடுகிறது. கூட்டத்துக்கான மென்பொருளில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பழைய தெளிவு திரும்பிவிடும்.