லேபுக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் ப்ரோக்ராம் கோடு (code) எழுதுபவர்கள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றின் உயிரித்தகவலியல் துறையில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாக இருக்கிறேன். படித்தது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் லேபின் ஸ்கிரிப்ட் எல்லாம் என் பொறுப்பு. வேதியியல், புவியியல் துறை ஸ்காலர்களும் "இது ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று வருகிறார்கள். என்னைப் போல வளாகத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் உண்டு. ஒருவரையொருவர் சரியாகத் தெரியாது. எல்லோரையும் சேர்த்து ஓர் அமைப்பாக்க ஆசை. துணைவேந்தருக்கு மனு கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 'மையம் அமைக்க வேண்டும்' என்று போகும் கோப்பு எத்தனை மேசைகளில் தூங்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் அந்த ஏழெட்டுப் பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் உட்காருங்கள்.

இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பட்டறை. ஆய்வுக்காகக் கோடு எழுதுகிறோம், ஆனால் பதவியும் இல்லை, முன்னேற வழியும் இல்லை என்ற பேச்சு எழுந்தது. 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அதே ஆண்டு இதற்கென்று ஒரு குழுவைத் தொடங்கியது. 2014-இல் அந்நாட்டின் 15 பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, மென்பொருள் இல்லாவிட்டால் தங்கள் ஆய்வே நடக்காது என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். தாங்களே கோடு எழுதுவதாகச் சொன்னவர்கள் 56 சதவீதம். முதல் மாநாடு 2016-இல், மான்செஸ்டரில். முறையான சங்கம் 2019-இல்தான். பெயர் வைத்ததிலிருந்து ஏழு ஆண்டுகள். ஆகவே அவசரப்படாதீர்கள்.

சரி, வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து என்ன செய்வது? கோடுக்கு ஒரு ஓ.பி. நடத்துங்கள். செவ்வாய் மாலை மூன்று முதல் ஐந்து வரை, நூலகத்திலோ செமினார் அறையிலோ, யார் வேண்டுமானாலும் லேப்டாப்போடு வரலாம். நாளையும் இடத்தையும் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஆர்வலர்களான சென்னை லினக்ஸ் குழுவினர் ஐ.ஐ.டி.யில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கூடினார்கள். நாள் மாறாது என்று தெரிந்தால்தான் அழைப்பிதழ் இல்லாமலும் ஆள் வரும்.

வருபவரின் ப்ரோக்ராமை அவர் லேப்டாப்பில் திருத்தாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இது கொஞ்சம் குரூரம்தான், ஆனால் இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் வரியிலேயே நிற்கும்: ஃபைல் இருக்கும் இடம் அவருடைய டெஸ்க்டாப் முகவரியாக எழுதப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்தால் ப்ரோக்ராம் பயன்படுத்தும் லைப்ரரியின் (ஆயத்தக் கோடு தொகுப்பின்) வெர்ஷன் வேறு என்று நிற்கும். அதையும் தாண்டினால், முக்கியமான டேட்டா ஃபைல் படிப்பை முடித்துவிட்டுப் போன சீனியரின் பென் டிரைவில் இருக்கும். 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல்_புதுசு' என்று மூன்று பிரதிகளில் ஆய்வுக் கட்டுரைக்குப் போன படம் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராது. கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) எதற்கு என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்கவே தேவையில்லை. நிறுவிக் கொடுத்து, நான்கு கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். தேதி, துறை, பிரச்சினை, எவ்வளவு நேரம், என்ன ஆயிற்று: ஆளுக்கு ஒரு வரி. ஒரு செமஸ்டர் போனதும் துறைத்தலைவரிடம் கொண்டுபோவது இதைத்தான்.

பேராசிரியர்களிடம் 'தரமான மென்பொருள்' என்று பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் பயப்படும் விஷயத்தைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் புரத அமைப்பை ஆராய்ந்த ஒரு குழு, சொந்தமாக எழுதிய ப்ரோக்ராம் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டதால், 2006-இல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. உங்கள் துறையிலேயே இன்னொன்று: மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் மார்ச் 1-ஆம் தேதியாக மாற்றிவிடும். இணைப்பாக எக்செல் மரபணுப் பட்டியல் தந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்; இதை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023-இல்தான் வந்தது!

பயிற்சி வகுப்பும் நடத்தலாம், ஆனால் அதற்கு நீங்களே பாடம் எழுதி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆய்வாளர்களுக்குக் கோடு எழுதக் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி அமைப்பின் பாடங்கள் இலவசம், இரண்டு நாள் பட்டறைக்குச் சரியாக இருக்கும்.

அடுத்தது, எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். நீங்கள் இலவச சர்வீஸ் சென்டர் ஆகிவிடக்கூடாது. உங்கள் சம்பளம் உங்கள் ப்ராஜெக்டிலிருந்து வருகிறது. உங்கள் பேராசிரியர் ஒருநாள் கேட்கத்தான் செய்வார். அவரிடம் முன்கூட்டியே பேசி, செவ்வாய் மாலைக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அரைமணியில் முடியாத வேலை எதையும் ஓ.பி.யில் எடுக்காதீர்கள். பெரிய வேலையோடு வருபவரிடம் இரண்டு கேள்விகள்: கட்டுரையில் பெயர் வருமா? அடுத்த ப்ராஜெக்ட் விண்ணப்பத்தில் இதற்கென்று ஆள்பலச் செலவில் சில மாதச் சம்பளம் போடுவாரா? இங்கிலாந்தில் பல குழுக்கள் வளர்ந்ததும் இந்த வழியில்தான். ஆய்வு நிதியிலேயே இன்ஜினியரின் நேரத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள். விண்ணப்பம் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

கோடுக்கும் அடையாளம் வாங்கிவிடலாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், கட்டுரைகளுக்குத் தருவதுபோன்ற நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும், செலவில்லை. கட்டுரையாகவே வெளியிட, ஆய்வு மென்பொருளுக்கென்று 2016-இல் தொடங்கிய இதழ் ஒன்றும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பயோடேட்டாவில் 'கோடு எழுதினேன்' என்பதற்கும் டி.ஓ.ஐ.யோடு போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் வேலை ஒப்பந்த வேலை. அடுத்த ஆண்டு நீங்கள் அங்கே இல்லாமல் போகலாம். எனவே முதல் வாரத்திலிருந்தே வேறு துறையைச் சேர்ந்த ஒருவரோடு சேர்ந்து நடத்துங்கள்; முடிந்தால் நிரந்தரப் பணியில் உள்ள ஒரு சிஸ்டம் அனலிஸ்டையோ இளம் உதவிப் பேராசிரியரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று அட்மின் இருக்கட்டும். கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல், ஆர்கனைசேஷனாக (பலருக்கும் பொதுவான கணக்காக) தொடங்கி அந்த மூவரையும் உரிமையாளர்களாகப் போட்டுவிடுங்கள்.