கணினியிடம் கல் வாங்கி ஆடும்போது

கேள்வி: ஒரு வருடமாக கோ என்ற பலகை ஆட்டம் பழகுகிறேன். லீலா ஸீரோ என்ற கணினிப் புரோகிராமிடம் 6 கல் சலுகை வாங்கி (தொடக்கத்திலேயே என் 6 கற்களைப் பலகையில் வைத்துக்கொண்டு) ஆடினால் அது சம்பந்தமில்லாத இடங்களில் கல் வைத்து, சில சமயம் தோற்றும் போகிறது. அதே 6 கல்லோடு கட்டாகோ என்ற இன்னொரு புரோகிராமிடம் ஆடினால் நடு ஆட்டத்திலேயே நொறுங்கிவிடுகிறேன். என் உண்மையான பலம் எது? எத்தனை கல் வாங்கலாம்?

பதில்: லீலா ஸீரோவிடம் பெற்ற வெற்றிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 7.5 கோமியோடு (இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாகத் தரும் புள்ளிகள்), கல் சலுகை இல்லாமல், தன்னோடு தானே ஆடிக் கற்ற புரோகிராம் அது. வெற்றி வாய்ப்பை மட்டுமே பார்க்கும். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பது அதற்குப் பொருட்டில்லை. நீங்கள் 6 கல்லோடு உட்கார்ந்ததுமே வெள்ளையாக ஆடும் அதன் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் நல்ல நகர்வும் மோசமான நகர்வும் அதற்கு ஒன்றுதான். கல் கொடுத்து ஆடும் மனித ஆசிரியரோ பொறுமையாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே, நீங்கள் தவறும் நேரத்துக்குக் காத்திருப்பார்.

டேவிட் வூ 2019இல் வெளியிட்ட கட்டாகோ புள்ளி வித்தியாசத்தையும் சேர்த்துக் கணிக்கிறது. வெவ்வேறு கோமிகளிலும் ஹேண்டிகேப் (கல் சலுகை) ஆட்டங்களிலும் பயிற்சி பெற்றது. அதனால் பின்தங்கியிருக்கும்போதும் அந்த ஆசிரியரைப் போலவே விடாமல் நெருக்கும்.

சரி, எத்தனை கல்? கட்டாகோவிடம் 9 கல்லில் தொடங்குங்கள். கூச்சமே வேண்டாம். 2008இல் போர்ட்லாந்தில் கொரியத் தொழில்முறை வீரர் கிம் மியுங்வானை மோகோ என்ற புரோகிராம் வென்றபோது, சூப்பர் கணினியில் ஓடியும் அது 9 கல் வாங்கித்தான் ஆடியது. கோமியை 0.5 ஆக்க மறக்காதீர்கள். தொடர்ந்து 3 ஆட்டம் ஜெயித்தால் ஒரு கல்லைக் குறையுங்கள்.

ஆட்டத்தை அலசும்போது வெற்றி சதவீத வரைபடத்தை மூடிவிடுங்கள். ஹேண்டிகேப் ஆட்டத்தில் அது நெடுநேரம் 99இலேயே நின்றுவிட்டுத் திடீரென்று சரியும். அதற்குள் உங்கள் முன்னிலையில் பெரும்பகுதி கரைந்திருக்கும். புள்ளி வரைபடத்தைப் பாருங்கள். ஒரு கல்லின் மதிப்பு ஏறத்தாழ 13, 14 புள்ளி. ஒரே நகர்வில் அவ்வளவு இறங்கியிருந்தால், வாங்கிய கல்லில் ஒன்றை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட இரண்டு மூன்று இடங்களை மட்டும் பலகையில் வைத்துப் பாருங்கள். முழு ஆட்டத்தையும் ஆராய்ந்து களைத்துப்போக வேண்டாம்.

9 கல்லிலும் தோற்றுக்கொண்டே இருந்தால், 2024இல் வந்த கட்டாகோவின் மனித மாடலுக்கு மாறுங்கள். ஒவ்வொரு தரத்து மனிதரும் ஆடுவதைப் போலவே ஆடப் பழகிய மாடல் அது. அதை உங்கள் கியூவைவிட (பழகுபவர்களின் தரநிலை) 4 படி மேலே வைத்து 4 கல் வாங்கினால், கிளப்பில் ஒரு மூத்த ஆட்டக்காரரோடு உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.