எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்: உடற்கடிகாரக் கேள்வி-பதில்

மூளைக் கடிகாரத்தையும் ஹார்மோன்களையும் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. எண் இருக்கிறது, நேரம் இல்லை. ஒரே நாளுக்குள் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஏறி இறங்கும் பொருள்களைப் பற்றிக் கேட்கும்போது, ரத்தம் எடுத்த நேரத்தையும் மாத்திரை விழுங்கிய நேரத்தையும் எழுதாமல் விட்டால் எந்த மருத்துவராலும் உருப்படியாகப் பதில் சொல்ல இயலாது. இனி கடிதங்களுக்கு வருவோம்.

அண்ணா நகர் வாசகர்: என் கார்டிசால் அளவு 6 என்று வந்திருக்கிறது. குறைவுதானே? எதைச் சாப்பிட்டால் கூடும்?

ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? நீங்கள் அனுப்பிய படத்தில், அறிக்கையின் மேல் மூலை மடிந்து, நேரம் அச்சிட்டிருக்கும் இடம் மட்டும் மறைந்துபோயிருக்கிறது. அட்ரினல் சுரப்பிகள் தரும் ஹார்மோனான கார்டிசால் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, காலை 8 மணியளவில் பெரும்பாலோருக்கு டெசிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கும். மாலை 4 மணிக்கு அது ஏறத்தாழப் பாதியாகும். நள்ளிரவில் 2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். ஆகவே உங்கள் 6 மாலை 4 மணிக்குரியது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. காலை 8 மணிக்குரியது என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டிய அளவு. நள்ளிரவுக்குரியது என்றால் அது குறைவே அல்ல, அதிகம். சாப்பிட்டுக் கூட்டும் பொருளும் அல்ல. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

பெரம்பூர் வாசகி: தைராய்டு டி.எஸ்.எச். காலை 7 மணிக்கு 3.8, அடுத்த வாரம் பிற்பகல் 3 மணிக்கு 2.6. எந்தப் பரிசோதனைக் கூடம் தவறு செய்தது?

இரண்டுமே தவறு செய்யவில்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரவில் ஏறி, காலையில் இறங்கத் தொடங்கி, பிற்பகலில் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். நேரத்தைக் குறித்து எழுதியதற்கு நன்றி.

மயிலாப்பூர் வாசகர் (வயது 63): தலை ஸ்கேனில் பீனியல் சுரப்பியில் சுண்ணாம்பு படிந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். கட்டியா?

இல்லை. பீனியல் என்பது மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி; அதில் சுண்ணாம்பு படிவது உங்கள் வயதில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அறிக்கையில் வேறு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் மறந்துவிடலாம்.

அதே வாசகர்: பீனியல்தான் நெற்றிக்கண் என்கிறார்களே?

பல்லி, ஓணான் இனங்கள் சிலவற்றிலும் நியூசிலாந்தின் டுவாட்டாராவிலும் உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண் உண்மையாகவே உண்டு. அது பீனியலோடு தொடர்புடையது. பாலூட்டிகளின் பீனியல் ஒளியைத் தானாக உணராது. இரு கண்களின் வழியாகத்தான் அதற்குச் செய்தி போகிறது. மற்றது என் துறையல்ல.

பழைய மகாபலிபுரம் சாலையில் பணிபுரியும் வாசகி: தூக்கம் வராததால் இரண்டு மாதமாக 10 மி.கி. மெலட்டோனின் கம்மி மிட்டாய் சாப்பிடுகிறேன். இப்போது அதற்கும் தூக்கம் வருவதில்லை. அளவைக் கூட்டலாமா? எட்டு வயது மகனுக்குப் பாதி கொடுக்கலாமா?

மகனுக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு இதை எழுதித் தருவது குழந்தை மருத்துவரின் வேலை. மிட்டாய் வடிவத்தில் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதே ஆபத்து. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு, குழந்தைகள் மெலட்டோனினை விழுங்கிவிட்டதாக வந்த தகவல்கள் 2012-க்கும் 2021-க்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மடங்காயின.

மெலட்டோனினைத் 'தூக்க ஹார்மோன்' என்று டப்பாவில் அச்சிட்டு விற்பவர்கள் மீது எனக்குள்ள கோபம் பழையது. தொடர்ந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, அந்தத் தோல் மருத்துவர் தேடிக்கொண்டிருந்தது தோலின் நிறத்தை வெளிறச் செய்யும் பொருளையே தவிரத் தூக்கத்தை அல்ல. எலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரவெல்லாம் விழித்து இரை தேடும் பிராணி; அதற்கும் இரவில்தான் மெலட்டோனின் ஏறுகிறது. இது தூக்கத்தை வரவழைக்கும் பொருள் என்றால் உங்கள் சமையலறை எலி இரவு பத்து மணிக்குச் சுருண்டு படுத்திருக்க வேண்டும். தெருவில் இரவுக் காவலர் ஊதும் விசிலைப் போன்றது மெலட்டோனின்: இரவாகிவிட்டது என்று அறிவிக்கும், அதைக் கேட்டு உறங்குவதும் விழித்திருப்பதும் அந்தந்த விலங்கின் பாடு.

அந்தச் செய்தி போகும் வழியைப் பார்த்தால் உங்கள் சிக்கல் எங்கே என்பது விளங்கும். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட, நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படும் சில செல்கள் இருக்கின்றன. அவை பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள எஸ்.சி.என். என்ற இரு நரம்புச்செல் திரள்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட அதுதான் தலைமைக் கடிகாரம். அங்கிருந்து செய்தி தண்டுவடத்துக்கு இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மீண்டும் மேலேறிப் பீனியலை அடைகிறது. இரவானதும் அந்த நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற வேதித்தூதைச் சுரக்க, பீனியல் தன்னிடமுள்ள செரட்டோனினை மெலட்டோனினாக மாற்றுகிறது. இடையில் கண்ணில் வெளிச்சம் பட்டால் உற்பத்தி சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்குகிறது. நீங்கள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தலைமாட்டில் குழல்விளக்கு எரிய, கைப்பேசியை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு படுக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இரவு என்று வயிறு சொல்கிறது, பகல் என்று கண் சொல்கிறது, எஸ்.சி.என். கேட்பது கண்ணின் பேச்சை.

அளவுக்கு வருவோம். உடல் இயல்பாக எட்டும் இரவு அளவைக் கொண்டுவர அரை மி.கி.யும் அதற்குக் குறைவுமே போதும்; 10 மி.கி. என்பது இருபது மடங்கு. தவிர, டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதும் ஐயமே. 2017-ல் கனடாவில் ஏறத்தாழ 30 தயாரிப்புகளைச் சோதித்தபோது, குறிப்பிட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதது முதல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது வரை கண்டார்கள். எனவே கூட்டாதீர்கள். கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்துவதுதான் நோக்கம் என்றால், சிறிய அளவைப் படுக்கும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பு கொடுப்பதே பயன்தரும். அதுவும் கடிகாரம் பிந்தி ஓடுபவர்களுக்கும், கண்டம் தாண்டிப் பறப்பவர்களுக்கும், ஒளியை அறவே உணராத பார்வையற்றவர்களுக்கும். வார்ஃபரின், ஃப்ளுவாக்சமின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எழுதவேயில்லை. அது தெரியும்வரை நான் சொல்லக்கூடியது இவ்வளவே: எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ இருங்கள். மேகமூட்டமான காலையிலும் வெளியே கிடைக்கும் ஒளி, உங்கள் அலுவலக வெளிச்சத்தைப்போல் பத்து இருபது மடங்கு. இரவு ஒன்பதுக்கு மேல் மங்கிய மஞ்சள் விளக்கு போதும். இரண்டு வாரம் கழித்து, நேரங்களைக் குறித்து எழுதுங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: ரத்த அழுத்தத்துக்கு அடினோலால் தொடங்கியதிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. தொடர்பு உண்டா?

இருக்கலாம். மேலே சொன்ன நார்அட்ரினலின் பீனியலில் வேலை செய்வது பீட்டா ஏற்பிகளின் வழியாக. அடினோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் அவற்றை மறிப்பதால் இரவு மெலட்டோனின் குறைகிறது. நீங்களாக நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு. மருந்தை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிறுசேரி வாசகர்: நான்கு ஆண்டுகளாக இரவுப் பணி. பகலில் நன்றாகத் தூங்கிவிடுகிறேன். கடிகாரம் தலைகீழாக மாறியிருக்கும் அல்லவா?

பெரும்பாலும் மாறியிருக்காது. அலுவலக வண்டியில் திரும்பும்போது காலை ஏழு மணி வெயில் முகத்தில் அடிக்கிறது. வார விடுமுறையில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து எஸ்.சி.என்.-ஐ மீண்டும் பகலுக்கே இழுத்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் தூங்குவது மெலட்டோனின் இறங்கி, கார்டிசால் ஏறிய வேளையில். கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்து, 2019-லும் உறுதி செய்திருக்கிறது. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவது உதவும். இருசக்கர வாகனத்தில் அரைத்தூக்கத்தோடு திரும்புபவர் அதைச் செய்யக் கூடாது. படுக்கையறைத் திரை, கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இருட்டைத் தர வேண்டும்.

திருவள்ளூர் வாசகர்: எங்கள் முர்ரா எருமைகள் கோடையில் சினைக்கு வருவதில்லை. இது மெலட்டோனின் கோளாறு என்று படித்தேன். ஊசி கிடைக்குமா?

கோளாறு அல்ல, இயல்பு. பருவத்துக்கு ஏற்ப இனப்பெருக்கம் செய்யும் பாலூட்டிகள் நாளின், அதாவது பகல்பொழுதின், நீளத்தை அறிவது மெலட்டோனின் எத்தனை மணி நேரம் சுரக்கிறது என்பதைக் கொண்டு. நீண்ட இரவென்றால் நீண்ட நேரம் சுரக்கும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தண்டைச் சுற்றியுள்ள பார்ஸ் டியூபராலிஸ் என்ற பகுதி அதைக் கணக்கெடுக்கிறது. இரவு குறுகி நாள் நீளும்போது அங்கே சுரக்கும் டி.எஸ்.எச். வழக்கம்போல் தைராய்டுக்குப் போகாமல் மேல்நோக்கி ஹைப்போதலாமஸுக்குப் போய், அவ்விடத்து டி4 என்ற தைராய்டு ஹார்மோனை, அதன் வீரியமிக்க வடிவமான டி3-ஆக மாற்ற வைக்கிறது. அந்த டி3-தான் இனப்பெருக்க ஹார்மோன்களின் கதவைத் திறப்பதோ மூடுவதோ. (பெரம்பூர் வாசகி கவனிக்க: இந்த டி.எஸ்.எச். உங்கள் ரத்தச் சோதனையில் வருவது அல்ல.)

திறப்பதா மூடுவதா என்பது இனத்தைப் பொறுத்தது. குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம். ஆகவே நாள் நீளும்போது பருவத்துக்கு வந்தால்தான் அடுத்த வசந்தத்தில் குட்டி பிறக்கும். குளிர்நாட்டுச் செம்மறிக்கு 5 மாதம். எனவே நாள் குறுகும்போது பருவத்துக்கு வருகிறது. எருமையும் நாள் குறுகும்போது பருவத்துக்கு வரும் இனமே. வட இந்தியாவில் இது தெளிவாகத் தெரியும். தில்லியில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு மூன்றரை மணி நேரத்துக்கு மேல்; நம் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் உங்கள் ஊர் மெட்ராஸ் சிவப்பு ஆடுகள் ஆண்டு முழுவதும் குட்டி போடுகின்றன. உங்கள் எருமைகளைக் கோடையில் அடக்குவது பெருமளவு வெயில்தான் என்பது என் கருத்து. பல நேரங்களில் சினைப்பருவம் வந்தும் வெளியே தெரிவதில்லை; ஊமைச் சினைப்பருவம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதுவே. கத்தலை எதிர்பார்க்காமல் விடியுமுன்னும் இரவு பத்து மணிக்கு மேலும் பின்புறத்தில் கண்ணாடி போன்ற சளி ஒழுகுகிறதா, வால் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நண்பகலில் குட்டையில் விடுங்கள் அல்லது நீர் தெளியுங்கள். வெளிநாடுகளில் செம்மறியின் காதடியில் மெலட்டோனின் பதிப்பதுண்டு. எருமைகளிலும் வடக்கே ஆய்ந்திருக்கிறார்கள். ஆனால் நிழலும் நீரும் கொடுக்காமல் ஊசியைத் தேடுவது வீண் செலவு.

அடையாறு கல்லூரி மாணவி: கிண்டி தேசியப் பூங்காவில் ஒரே நாளில் ஒரு புள்ளிமானின் கொம்பில் மென்தோல் மூடியிருந்தது, இன்னொன்றுக்குக் கொம்பு முற்றியிருந்தது. குளிர்நாட்டு மான்கள் எல்லாம் ஒன்றாகத்தானே உதிர்க்கின்றன?

நல்ல கவனிப்பு. ஐரோப்பியச் செம்மான்களின் ஆண்டுக் கணக்கை நாளின் நீளம் ஒருங்கிணைக்கிறது. அதனால் வசந்தத்தில் ஏறத்தாழ எல்லாக் கிடாக்களும் கொம்பை உதிர்க்கின்றன. புள்ளிமான் அந்தக் கட்டுக்குள் இல்லை. ஒவ்வொரு கிடாவும் தன் சொந்த ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது: டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்போது கொம்பு விழுகிறது, ஏறும்போது மென்தோல் உரிந்து கொம்பு முற்றுகிறது. இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட புள்ளிமான்களும் அந்த நாட்டுப் பருவத்துக்கு இணங்கவில்லை. அதே பூங்காவிலுள்ள வெளிமானின் கொம்பை இதில் சேர்க்காதீர்கள், அது உதிர்வதில்லை.

அதே மாணவி: இத்துறையில் தமிழ்நாட்டில் ஆய்வு ஏதும் நடந்திருக்கிறதா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் செய்தவற்றைத் தேடிப் படியுங்கள். 1981-ல் வெளியான ஆய்வில், மதுரைப் பக்கத்துக் குகையின் ஒளி புகாத ஆழத்தில் கூண்டிலிட்ட வௌவால், பகலிரவு தெரியாமலேயே, சுற்றியிருந்த கூட்டம் வெளியே பறக்கும் நேரத்தோடு ஒத்து இயங்கியது. கூட்டம் இல்லாத குகையில் தன் போக்கில் விலகிப்போயிற்று. ஒளி மட்டுமல்ல, உறவும் கடிகாரத்தைத் திருத்தும் என்பதற்கு முக்கியமான சான்று அது. மனிதர்களைக் காலம் அறியாமல் தங்கவைத்து ஆராயும் அறையும் அங்கே அமைக்கப்பட்டிருந்தது.

குரோம்பேட்டை வாசகி: பிறந்து ஐந்து வாரமான பேத்திக்கு இரவும் பகலும் மாறிவிட்டது. மருந்து உண்டா?

மருந்து கூடாது. கருவில் இருந்தவரை தாயின் மெலட்டோனின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு இரவை அறிவித்தது. இப்போது குழந்தையின் சொந்த ஓட்டம் அமைய இரண்டு, மூன்று மாதம் ஆகும். பகலில் அறையை இருட்டாக்காதீர்கள். இரவில் பாலூட்டவும் துணி மாற்றவும் சிறு விளக்கே போதும். தாய்க்கும் பகலில் தூங்க வழி செய்யுங்கள்.